நாற்பத்தொரு தடவை விளையாடியவர்

ஜூலை 8, திங்கள்

மருந்துக்கடையில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி. ஆறு மாதமாகச் சும்மா கிடந்தது. முதல் பத்துப் பக்கங்களில் என் மகள் அமு யானை வரைந்து வைத்திருக்கிறாள். எல்லா யானைக்கும் ஐந்து கால். மிச்சமிருக்கும் பக்கங்கள் எனக்கு.

நேற்று பானு எங்கள் வீடியோ கேமை வலையில் ஏற்றிவிட்டாள். பானு சென்னையில் இருக்கிறாள், நான் வேலை செய்யும் அதே கம்பெனி. குழந்தைகளுக்கு ஆனா ஆவன்னா சொல்லித்தரும் ஆப் செய்கிற கம்பெனி. இது நாங்கள் இருவரும் சொந்தமாகச் செய்தது. நிரல் அவள். படம், சத்தம், வரிகள் நான். பெயர் 'மணி அடிக்கும் முன்'.

மொத்தமே பன்னிரண்டு நிமிடம். ஒரு வீடு. யாரோ வரப்போகிறார்கள். வருவதற்குள் வீட்டைச் சரியாக வைக்க வேண்டும். செருப்பை வாசல் பார்த்துத் திருப்ப வேண்டும். சொட்டும் குழாயை இறுக்க வேண்டும். டம்ளரைக் கவிழ்க்க வேண்டும். ரிமோட்டை மேசை விளிம்புக்கு நேர்கோடாக வைக்க வேண்டும். எதைத் தொட்டாலும் திரையில் இரண்டு வரி வரும். 'குழாயே, அழுகையை நிறுத்து. சத்தம் கேட்டால் காரணம் கேட்பார்கள்.' இப்படி. பானு இதைக் கவிதை என்கிறாள். நான் வரி என்கிறேன். கடைசியில் அழைப்பு மணி அடிக்கும், திரை இருட்டாகும். அவ்வளவுதான். ஜெயிப்பது கிடையாது, தோற்பதும் கிடையாது.

"இத எவன் விளையாடுவான்?" என்று கேட்டேன்.

"நீயும் நானும் விளையாடுவோம் வினோ. மூணாவதா ஒருத்தர் வந்தா லாபம்" என்றாள்.

செய்தவர்கள் பெயர் போடும் இடத்தில் 'பானுவும் தோழியும்' என்று மட்டும் போடச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். கூச்சம் என்றேன்.

அமுவின் அப்பா மஸ்கட்டில் நலம். அங்கே வெயில் அதிகமாம்.

ஜூலை 9, செவ்வாய்

மாவு பொங்கி மேடையெல்லாம் வழிந்தது. முப்பத்தொரு பேர் விளையாடியிருக்கிறார்கள்.

ஜூலை 11, வியாழன்

அமுவுக்கு யூனிஃபார்ம் பின்னல் ரிப்பன் ஒன்று தொலைந்துவிட்டது. ஒற்றை ரிப்பனோடு பள்ளிக்குப் போனாள். ஒன்றாம் வகுப்பு டீச்சர் மன்னிப்பார்.

கருத்துப் பெட்டியில் பதினாறு பேர் எழுதியிருக்கிறார்கள். வேலைக்கு நடுவே நாலு தடவை போய்ப் பார்த்தேன். வெட்கமாக இருந்தாலும் ஐந்தாவது தடவையும் போனேன்.

'பேய் எப்ப வரும்? பன்னெண்டு நிமிஷம் வெயிட் பண்ணேன்.' இது தக்காளி சாதம் என்று பெயர் வைத்துக்கொண்ட ஒருவர்.

'டம்ளரை உடைக்க முடியலை. பக் இருக்கு, சரி பண்ணுங்க.'

'எங்கம்மா இதை விளையாடிட்டு, இது கேமா, நான் தினமும் செய்யற வேலையாச்சேனு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டாங்க.'

கடைசிக் கருத்தைப் படித்துச் சிரித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, சிரித்திருக்கக் கூடாதோ என்று தோன்றியது.

ஜூலை 13, சனி

பானு காலையிலேயே போன் செய்து கத்தினாள். கேம் விளையாடிக்காட்டி வீடியோ போடும் ஒரு பிரபலம், கன்ட்ரோலர் கதிர் என்று பெயர், எங்கள் கேமை விளையாடிப் போட்டிருக்கிறான். இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

அமு டிவியில் கார்ட்டூன் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டு நான் அந்த வீடியோவைப் பார்த்தேன். கதிர் வாயாடி. முதல் ஐந்து நிமிடம் நக்கல். "மாமியார் வராங்க போல மக்களே, ஓடுங்க ஓடுங்க." ஒன்பதாவது நிமிடத்தில் பேச்சு குறைந்தது. மணி அடித்து இருட்டான பிறகு, "நான் ஏன்டா கையைத் துடைச்சுக்கிறேன்?" என்று தன் கையைத் தானே பார்த்தான். வியர்வை.

அந்த வீடியோவுக்குப் பிறகு கேமின் கீழே கருத்துகள் கொட்டுகின்றன. பாதிப் பேர் விளையாட்டைப் பற்றி எழுதவே இல்லை. தங்கள் வீட்டைப் பற்றி எழுதுகிறார்கள். ஒரு பெண், அப்பாவின் புல்லட் சத்தம் தெருமுனையில் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் புத்தகத்தை எடுப்போம் என்கிறாள். ஒரு ஆள் இப்படி எழுதியிருந்தார்: 'நான் வீட்டுக்குள்ள வரும்போது என் சம்சாரம் டிவி சத்தத்தை குறைப்பா. என்னைக்கும் யோசிச்சதில்லை. இன்னைக்கு யோசிச்சேன். அந்த மணியை அடிக்கறவன் நான்தான்.'

அதன் கீழே பானு இதயப் படம் ஒன்று போட்டாள்.

துளசிமணியக்கா மாடியேறி வந்தார். கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரர். அவர் வருகிறார் என்றால் முருங்கைக்காய் கூடவே வரும். "என்ன அம்மிணி, மொகமெல்லாம் பூரிச்சுக் கெடக்குது. மஸ்கட்டுக்காரரு வராருங்களா?" என்றார்.

லீவு கிடைக்கவில்லையாம் என்றேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு கருத்து. அப்படியே எழுதி வைக்கிறேன்.

'ஏழாவது நிமிஷத்துல ஜன்னலுக்கு வெளிய கேக்கற ஹாரன் எங்க ஊரு மினிபஸ்ஸுங்க. உடுமலை, தளி ரோடு. நாதஸ்வரம் மாதிரி ஹாரன் அந்த ஒரு வண்டிக்குத்தான்.'

அதன் கீழே இன்னொருவர்: 'அதுக்கப்புறம் மில்லு சங்கு கேக்குது. சங்கும் பஸ்ஸும் சேர்ந்து கேக்கணும்னா மில்லுக்குப் பின்னாடி தெருவாத்தான் இருக்கணும்.'

அதன் கீழே: 'சூப்பர் பாஸ். அடுத்த ஞாயிறு போய் வீட்டைக் கண்டுபுடிச்சு வீடியோ போடறேன்.' சிரிக்கிற முகங்கள் எட்டு.

இவர்களுக்கு இதுவும் விளையாட்டு. கேமுக்குள் ஒளித்துவைத்த புதையல் என்று நினைக்கிறார்கள்.

வலையில் ஆயிரம் சத்தம் இலவசமாகக் கிடைக்கிறது. மும்பை மழை, துபாய் டிராஃபிக், எது வேண்டுமானாலும். நான் செய்த காரியம், என் சமையலறை ஜன்னலில் போனை நீட்டிப் பதிவு செய்தது. உண்மையாக இருக்கட்டும் என்று ஆசை. உண்மைக்கு ஆசைப்பட்டு விலாசத்தைப் பதிவு செய்து ஊருக்கெல்லாம் கொடுத்திருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் என்பது இதுதான்.

சோறு குழைந்துவிட்டது. அமு உருண்டை பிடித்துச் சாப்பிட்டாள்.

ஜூலை 15, திங்கள்

சத்தத்தை மாற்றிப் பானுவுக்குப் புது ஒலிக்கோப்பு அனுப்பினேன். மும்பை மழை.

"ஏன் மாத்தற? அந்த ஹாரன்தான் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு" என்றாள் பானு. பதிவில் இரைச்சல் என்றேன். "வினோ, நீ எங்கிட்ட எதையோ சொல்லல" என்றாள். தலைவலி என்று போனை வைத்துவிட்டேன்.

மாற்றி என்ன பயன்? கதிரின் வீடியோவில் பழைய சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது நாலு லட்சம் பேர் கேட்டிருக்கிறார்கள்.

புதிதாக ஒருவர் மூன்று கருத்துகள் போட்டிருக்கிறார். பெயர் இல்லை. பெயர் வைக்காதவர்களுக்கு அந்தத் தளமே ஒரு எண் கொடுக்கும். பயனர் 7714.

'செருப்பை வாசல் பார்த்து வைக்கணும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?'

'ரிமோட் நேரா இருக்கணும்னு யார் சொன்னாங்க?'

'இந்த வீடு எங்க இருக்கு?'

மூன்றாவது கேள்வியைப் படித்ததும் லேப்டாப்பை மூடினேன். எதற்கு என்று தெரியாமல் வாசல் கதவின் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது.

ஜூலை 16, செவ்வாய்

7714 இன்று எழுதியது: 'தேதி காலண்டரை விட்டுட்டீங்க. அவர் வர்றதுக்குள்ள இன்னைக்குத் தாளைக் கிழிச்சு, நாளைத் தேதி தெரியற மாதிரி வைக்கணுமே.'

ஊரில் எல்லோரும் காலையில்தான் தாள் கிழிப்பார்கள். சாயங்காலமே கிழித்து நாளைய தேதியைக் காட்ட வேண்டும், முடிந்துபோன நாளைப் பார்க்கக் கூடாது என்ற சட்டம் உலகத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் உண்டு. அதனால்தான் கேமில் அதை வைக்கவில்லை. வேண்டுமென்றே விட்டேன். யாருக்கும் சொன்னதும் இல்லை.

மஸ்கட் என்று முதல் பக்கத்தில் எழுதினேன். பொய். அவர் ஓசூரில் இருக்கிறார். பெயர் சுதாகர். ஏழு வருடம் அந்த வீட்டில் இருந்தேன். என் அம்மாவிடம் இரண்டு தடவை ஓடினேன், இரண்டு தடவையும் அம்மாவே பஸ் ஏற்றித் திருப்பி அனுப்பினாள். மூன்றாவது தடவை அம்மாவிடம் போகவில்லை. பதினாலு மாதம் ஆகிறது. நான் உடுமலையில் இருப்பது என் பக்கத்து ஆட்கள் ஒருவருக்கும் தெரியாது. கழுத்தில் தாலி இன்னும் கிடப்பது வீடு வாடகைக்குக் கிடைக்க வேண்டும் என்பதற்காக. புருஷன் வெளிநாடு என்றால் கொடுப்பார்கள், புருஷனை விட்டு வந்தவள் என்றால் வீடு காலியில்லை என்பார்கள்.

டைரியில்கூடப் பொய் எழுதும் பழக்கம் அங்கே வந்தது. நான் டைரி எழுதினால் அவர் எடுத்துப் படித்து, சிவப்புப் பேனாவால் திருத்தி, திரும்ப என்னிடமே கொடுப்பார். அடிப்பதைப் பற்றி எழுதுவதைவிட இதை எழுதக் கை கூசுகிறது.

அவர்தான் 7714. வேறு யாருக்கு அந்தக் காலண்டர் தெரியும்? ஊர் தெரிந்துவிட்டது, தெருவும் கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. இரண்டாவது தடவை அம்மா அனுப்பி நான் திரும்பிப் போனபோது வாசலில் நின்று சொன்னார், "குழந்தைய மட்டும் எப்படியும் எடுத்துக்குவேன்" என்று. சத்தம் போடாமல் சொன்னார். அவர் சத்தம் போடாமல் சொன்னதைச் செய்யாமல் விட்டதில்லை.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. அமுவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. காய்ச்சல் என்று டீச்சருக்குச் செய்தி அனுப்பினேன். அமு தன் நெற்றியைத் தானே தொட்டுப் பார்த்து, "எனக்கு இல்லையேம்மா" என்றாள்.

ஒரு பையில் இரண்டு பேருக்கும் துணி, ஆதார் அட்டைகள், அவளுடைய பிறப்புச் சான்றிதழ். எங்கே போவது என்றுதான் தெரியவில்லை. பழனிக்குப் பஸ் இருக்கிறது. பழனியில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை.

மினிபஸ் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு போகும்போதெல்லாம் ஜன்னலைச் சாத்துகிறேன். முன்பு அமுவும் நானும் அதற்கு ஆடுவோம்.

ஜூலை 18, வியாழன்

பை கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கிளம்பவில்லை.

மத்தியானம் 7714 எழுதியது:

'நாற்பத்தொரு தடவை விளையாடிட்டேன். நீங்க சொன்னது, சொல்லாதது எல்லாம் சரியா வெச்சுப் பார்த்தேன். அப்பவும் மணி அடிக்குது. நான் எதை விட்டேன்? தயவுசெய்து சொல்லுங்க.'

மற்றவர்கள் கீழே கேலி செய்கிறார்கள். 'நாப்பத்தொண்ணா, வேலைவெட்டி இல்லையா?' 'ஜெயிக்கவே முடியாதுங்க, அதான் கான்செப்டே.'

நான் துவைத்த துணியை மடித்தபடி அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எட்டாவது துணியோ ஒன்பதாவதோ மடிக்கும்போது உறைத்தது. அவருக்குத் தயவுசெய்து என்ற சொல் தெரியாது. நான் எதை விட்டேன் என்று கேட்பது அவருடைய கேள்வி இல்லை. அது என் கேள்வி. ஏழு வருடம் அந்த வீட்டுச் சமையலறையில் நின்று நான் கேட்டுக்கொண்டது.

அப்படியானால் அந்த வீட்டில் இப்போது ஒரு பெண் இருக்கிறாள்.

அல்லது, நான் இப்படி நினைப்பேன் என்று தெரிந்து அவரே எழுதியிருக்கலாம். அதற்கும் அவருக்கு மூளை உண்டு. நான் ஒரு வார்த்தை பதில் எழுதினாலும், எழுதியது நான்தான் என்பது உறுதியாகிவிடும். எழுதாவிட்டால் அவள் நாற்பத்திரண்டாவது தடவை விளையாடுவாள்.

அமு தூங்கி எழுவதற்குள் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தத் தளத்தில் ஒருவர் மட்டும் படிக்கும்படி செய்தி அனுப்ப வழி இருக்கிறது. ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன்.

'அந்த வீட்டு அடுப்பில் எந்தப் பர்னர் பற்றாது?'

ஏழு வருடத்தில் அவர் ஒரு நாளும் அடுப்புப் பற்ற வைத்ததில்லை. கேமில் அடுப்பு வெறும் படம்தான். அந்தப் பர்னர் பற்றாது என்பது அங்கே சமைக்கிறவளுக்கு மட்டும் தெரியும்.

ஜூலை 19, வெள்ளி

காலை பத்தே காலுக்குப் பதில் வந்தது.

'இடது பக்கம். ஆனா தீக்குச்சியைக் கீழ இருந்து காட்டினா பத்தும். இது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க யாரு?'

கீழிருந்து காட்டினால் பற்றும் என்பது எனக்குத் தெரியாது. நான் ஏழு வருடம் வலது பக்கத்தை வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். அவள் கெட்டிக்காரி.

உங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவள் நான் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். பயத்தில் வாந்தி வரும் என்பதை மறந்தே போயிருந்தேன்.

இருபது நிமிடம் கழித்து:

'விளையாடாதீங்க. முன்னால இருந்தவங்க இறந்துட்டாங்க. அவங்களும் அவங்க குழந்தையும். ரோட்டு விபத்து. ஹால்ல படம் இருக்கு. வெள்ளிக்கிழமை நான்தான் படத்துக்குப் பூ போடுவேன். இன்னைக்கும் போட்டேன்.'

இதை எழுத எனக்கு வெகுநேரம் ஆகிறது. நான் இறந்துவிட்டேன் என்பது பரவாயில்லை. எனக்கே சில நாள் அப்படித் தோன்றியதுண்டு. அமுவின் படத்துக்கு மாலை போட்டிருக்கிறார். மூன்று வயதில், மஞ்சள் கவுனில் எடுத்த படமாக இருக்கும். அந்தப் படம்தான் ஹாலில் இருந்தது.

பக்கத்து அறையில் அமு பாட்டுப் பாடிக்கொண்டு பொம்மைக்குச் சோறு ஊட்டினாள். போய் அவளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். "காய்ச்சல் இல்லம்மா" என்றாள்.

முகம் கழுவி, தினக் காலண்டருக்குப் பக்கத்தில் நின்று, தேதி தெரியும்படி என்னை நானே போட்டோ எடுத்தேன். கன்னத்தில் சதை போட்டிருக்கிறது. அதை அனுப்பினேன். படம் சேர்ந்துவிட்டது, அவள் பார்த்துவிட்டாள் என்று காட்டியது.

பதில் இல்லை. இப்போது மாலை ஐந்தரை. இன்னும் இல்லை.

ஜூலை 20, சனி

காலை வரை பதில் இல்லை. போன் அவர் கையில் இருக்கிறது என்றே முடிவு செய்தேன். என் முகம், என் வீட்டுச் சுவர், எல்லாம் அவர் கையில். பானுவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பானு அழுதாள். பிறகு, "நான் இப்பவே கிளம்பி வரேன்" என்றாள். இரு, சொல்கிறேன் என்றேன்.

பதினொன்றரைக்கு வந்தது. நீளமாக இருந்தது.

அவள் பெயர் சத்யகலா. ஊர் பாலக்கோடு. கல்யாணமாகி ஏழு வாரம். நேற்று அவர் சீக்கிரம் வந்துவிட்டார், இன்று வெளியே போன பிறகுதான் எழுத முடிந்தது. அவர் அவளுடைய அழைப்புகளைப் பார்ப்பார், செய்திகளைப் பார்ப்பார், போட்டோக்களைப் பார்ப்பார். கேமை மட்டும் திறந்து பார்க்க மாட்டார், அது சின்னப்பிள்ளை விஷயமாம். கதிரின் வீடியோ தற்செயலாகக் கண்ணில் பட்டிருக்கிறது.

அவள் எழுதியதில் ஒரு பகுதி: 'அக்கா, கல்யாணத்துக்கு முந்தின நாள் உங்களுக்குப் பூவாடைக்காரி படையல் போட்டாங்க. சுமங்கலியா போனவங்கள கும்பிட்டுட்டுத்தான் அந்த வீட்டுல வெளக்கேத்தணும்னு எங்கப்பாதான் கேட்டார். இவரும் சரின்னு புதுச் சேலை எடுத்துட்டு வந்து வெச்சார். படையல்ல வெச்ச சேலையைத்தான் நான் அந்த வீட்டுல மொத மொதல்ல உடுத்தினேன். அரக்குக் கலர். உங்க ஆசீர்வாதம்னு நெனச்சேன்.'

எங்கள் பக்கத்திலும் அந்த வழக்கம் உண்டு. என் பெரியம்மாவுக்கு வைத்திருக்கிறார்கள். செத்துப்போன பெண் புதிதாக வருகிறவளைக் காப்பாற்றுவாள் என்று நம்பிக்கை. அந்த மனிதர் தன் மகளைக் காப்பாற்றச் சொல்லி என்னைக் கும்பிட்டிருக்கிறார். நான் அப்போது இங்கே உட்கார்ந்து ஆனாவுக்கு அணில் வரைந்துகொண்டிருந்தேன்.

நாளை ஞாயிற்றுக்கிழமை ஆடிக்கு அழைத்துப்போக அவளுடைய அப்பா ஓசூர் வருகிறார். புதுப்பெண்ணை ஆடியில் அழைத்துப்போவதை யாரும் மறுக்க முடியாது. புதன்கிழமையே வந்திருப்பார், இவர்தான் நாள் தள்ளிப் போட்டிருக்கிறார். ஆடி முடிந்ததும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 'எங்கப்பா நல்லவர்தான். ஆனா அடிக்கிறார்னு சொன்னா, பொறுத்துப் போனு சொல்வார். நீங்க உயிரோட இருக்கீங்கன்னு போட்டோ காட்டினா, கம்ப்யூட்டர்ல ஒட்டினதுன்னு இவர் சொல்லிடுவார். நேர்ல பார்த்தாத்தான் நம்புவார். உங்களை எங்க பார்க்கலாம்?'

இந்த ஒரு வரியைத்தான் பதினாலு மாதமாக யாரும் என்னிடம் கேட்டுவிடக் கூடாது என்று பயந்து வாழ்ந்தேன்.

விலாசம் எழுதவில்லை. 'திங்கட்கிழமை, உடுமலை பேருந்து நிலையம், மத்தியானம் இரண்டு மணி' என்று எழுதினேன். அனுப்பும் பொத்தானின் மேல் விரலை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். அமுவை எடுத்துக்கொள்வேன் என்று அவர் சொன்னது காதிலேயே இருந்தது. பிறகு அனுப்பினேன்.

கீழே போய்த் துளசிமணியக்காவிடம் உண்மையைச் சொன்னேன். திங்கட்கிழமை அமுவைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்வார் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

அவர் புளி கரைத்துக்கொண்டிருந்தார். "மஸ்கட்டுல ஒருத்தனும் இல்லீன்னு எனக்கு அப்பவே தெரியுங் கண்ணு. இருந்திருந்தா ஒரு வருசத்துல ஒருக்காவாச்சும் போன்ல சண்ட போட்டிருப்பீல்ல" என்றார். பிறகு, "புள்ளைய எங்கூட உடு. எவன் வந்தாலும் கேட்டத் தாண்ட மாட்டான்" என்றார். கரைத்த புளியை மறுபடியும் கரைத்தார்.

ஜூலை 21, ஞாயிறு

அமுவைத் தலைக்குக் குளிப்பாட்டினேன். வீட்டைக் கண்டுபிடித்து வீடியோ போடுவதாகச் சொன்னவன் தெருவில் வரவில்லை. செய்தி ஒன்றும் இல்லை. கிளம்பினார்களா, விடவில்லையா, தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

ஒன்றரைக்கே பேருந்து நிலையம் போய்விட்டேன். இறங்கும் இடத்தில் நிற்கவில்லை. பழக்கடைக்குப் பின்னால், ஒவ்வொரு பஸ்ஸின் இரண்டு படியும் தெரிகிற இடத்தில் நின்றேன். அவர் இறங்கினால் எந்தப் பக்கம் ஓடுவது என்றும் பார்த்து வைத்திருந்தேன். கடைக்காரர் கொய்யா வேண்டுமா என்று மூன்று தடவை கேட்டார்.

இரண்டே முக்காலுக்குத் திருப்பூர் பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் கட்டைப்பை. அவருக்குப் பின்னால் ஒரு பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இறங்கியதும் சுற்றும் முற்றும் பார்க்காமல் தரையைப் பார்த்து நின்றாள். அந்த நிற்கிற விதம் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் இறங்கியவர்களை எல்லாம் எண்ணிப் பார்த்தேன். அவர் இல்லை. பஸ் காலியாகி ஓட்டுநரும் இறங்கிப் போனார். அந்தப் பஸ்ஸின் இரண்டு படியையும் இன்னொரு தடவை பார்த்தேன். பிறகு நடந்தேன்.

பெரியவர் என்னைப் பார்த்தார். பை கையிலிருந்து நழுவியது. மாதப்பன் என்று பெயர். கைகள் தாமாகக் கும்பிடப் போய், பாதியில் நின்றுவிட்டன. உயிரோடு இருக்கிறவளைக் கும்பிடலாமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"உனக்குப் படையல் போட்டு, அந்தச் சோத்தைச் சாப்பிட்டேம்மா" என்றார். "எம் பொண்ணப் பாத்துக்கன்னு உங்கிட்ட வேண்டிக்கிட்டேன்."

"வாங்கப்பா, வெயில்ல நிக்காதீங்க" என்றேன்.

சத்யகலா என் முழங்கையைத் தொட்டாள். தொட்டு, கொஞ்சம் அழுத்திப் பார்த்தாள். பிறகு விடவே இல்லை. ஆட்டோவிலும் அப்படியேதான் வந்தாள்.

வீட்டுக்குப் போகவில்லை. நேராக மகளிர் காவல் நிலையம். வழியெல்லாம் மாதப்பன் ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார், "பொறுத்துப் போன்னு நேத்துகூடச் சொன்னேன், நான்தான் சொன்னேன்."

ஆளுக்கொரு வெள்ளைத்தாள் கொடுத்தார்கள். என் பெயர், கணவர் பெயர், விலாசம். உடுமலை விலாசத்தை முதல்முறையாக உள்ளது உள்ளபடி எழுதினேன். இந்தக் காகிதம் சுற்றிச் சுற்றி ஒரு நாள் அவர் மேசைக்குப் போகும், அவர் இந்த வரியைப் படிப்பார். தெரிந்துதான் எழுதினேன். கதவு எண்ணை ஒரு தடவை அடித்துத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று.

ஏட்டம்மா இரண்டு மனுவையும் வாங்கி முதலில் சத்யகலாவுடையதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"மொத சம்சாரம் செத்துட்டதாச் சொல்லி ஏமாத்திக் கட்டிக்கிட்டான்னு எழுதியிருக்கீங்க. அந்தம்மா உயிரோட இருக்கறதுக்கு ஆதாரம் என்ன வெச்சிருக்கீங்க?" என்று சத்யகலாவைக் கேட்டார்.

அவள் மறுபடியும் என் முழங்கையைப் பிடித்தாள். மாதப்பன் என்னைப் பார்த்தார்.

"நான்தாங்க" என்றேன். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஏட்டம்மா, "என்னம்மா?" என்றார்.

எழுந்து நின்றேன். மேசையைப் பிடித்துக்கொண்டு, அவர் என் முகத்தை நன்றாகப் பார்க்கும்படி நின்று, இன்னொரு முறை சொன்னேன்.